1 லட்சம் சொகுசுக்கு 68 ஆயிரம் வரி! ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களே, உஷார்!

கள்ளிக்குப்பம்:
"டாப் மாடலா, கீழ் மாடலே போதுமாண்ணே?" ஸ்போர்ட்ஸ் கார் ஆசை பிடித்த இளைஞர்களுக்கு இதுதான் தலைவலி!

இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் ஐ20 என் லைன் காரையே பாருங்கள். 2023-ல் வந்த மாடலில் என்6, என்8 என 2 ரகம். இரண்டிலும் அதே 1 லிட்டர் டர்போ என்ஜின், 120 குதிரைசக்தி, 6 ஏர்பேக். என்8-க்குக் கூடுதல் காசு, போஸ் ஸ்பீக்கர் மாதிரி சொகுசுகளுக்குத்தான்!

வரியிலேதான் சூட்சுமம்!

2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில், 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அதைத் தாண்டினால் முழு விலைக்கும் 18 சதவீதம்!

10 லட்ச ரூபாய் காருக்கு வரி 1 லட்சத்து 30 ஆயிரம். 11 லட்சம் என்றால் 1 லட்சத்து 98 ஆயிரம்!

பாட்டுப் பெட்டியைப் பிறகும் மாட்டிக்கலாம். கட்டின வரி திரும்பி வருமா?