இரட்டைப் புகைக்குழாய்: கூடுவது சக்தியா, சத்தம் மட்டுமா?

"மச்சான், பின்னுக்கு ரெண்டு குழாய் போட்டா காருக்குப் பவர் கூடுமாம், மெய்யா?"

வஹகோட்டை அந்தோனியார் திருவிழாவுக்குப் போயிருந்தபோது மைத்துனர் என்னிடம் கேட்ட கேள்வி இது. மாத்தளை மாவட்டத்தின் இந்தச் சிறிய கிராமம், கண்டி இராச்சிய காலத்தில் குடியேறிய போர்த்துக்கேயரின் வழிவந்த கத்தோலிக்கர்களால் அறியப்பட்டது. ஜூன் மாதத் திருவிழாவுக்கு நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் வேன், பஸ், கார் என்று யாத்திரிகர்கள் வந்து சேர்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் உறுமிக்கொண்டு வந்த ஒரு பழைய ஜப்பான் காரைக் கண்டுதான் மைத்துனருக்கு ஆசை பிறந்தது. அவரிடம் இருப்பதும் 2 லீற்றர், ஆறு சிலிண்டர் ரொயோட்டா மார்க் டூ.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களைப் பாதுகாப்பதும் மெருகூட்டுவதும் பலருக்கு வழக்கமாகிவிட்டது. சைலன்சர் பாஸ்மாரிடம் இந்தக் கேள்வி அடிக்கடி போகிறது. விடையைச் சொல்ல எஞ்சினுக்குள்ளிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்றும் மூன்றும்

நான்கு அடிப்பு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு தடவை எரிந்து முடிய, கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அதாவது 720 பாகை. அதை ஆறு சிலிண்டருக்குப் பகிர்ந்தால் 120 பாகைக்கு ஒரு தடவை ஒரு சிலிண்டர் எரியும். நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் எரியும் ஒழுங்கு 1-5-3-6-2-4.

இந்த எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். முன்பக்க மூன்றில் (1, 2, 3) ஒன்று, பின்பக்க மூன்றில் (4, 5, 6) ஒன்று என்று மாறிமாறி வருகிறது. எனவே முன் மூன்றுக்கு ஒரு குழாயும் பின் மூன்றுக்கு ஒரு குழாயும் கொடுத்தால், ஒவ்வொரு குழாய்க்குள்ளும் 240 பாகைக்கு ஒரு தடவை, சரியான இடைவெளியில் புகை வரும். ஒரு சிலிண்டரின் புகை அடுத்ததன் பாதையை மறிக்காது. வேகமாக ஓடும் புகை தனக்குப் பின்னால் அமுக்கத்தைக் குறைத்து, அடுத்த சிலிண்டரில் மிஞ்சிய புகையையும் இழுத்துச் செல்ல உதவும். இரட்டைக் குழாயின் உண்மையான பயன் இதுதான்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1959இல் வந்த ஜாகுவார் மார்க் 2 காரின் 3.4, 3.8 லீற்றர் எஞ்சின்களுக்குத் தொழிற்சாலையே இரட்டைக் குழாய் கொடுத்தது. வி வடிவ ஆறு சிலிண்டர் எஞ்சினில் வேலை இன்னும் இலகு. இரண்டு பக்கமும் மூன்று மூன்றாகச் சிலிண்டர்கள் இருப்பதால் புகை ஏற்கனவே இரண்டு வழியாகத்தான் வெளியே வருகிறது.

பிரிய வேண்டிய இடம்

நம்மூரில் "டுவல்" என்று போடப்படுவதில் பெரும்பகுதி வேறு வகை. எஞ்சினிலிருந்து வரும் ஒற்றைக் குழாய் அப்படியே இருக்கும். பின் சில்லுக்குக் கிட்ட அதை இரண்டாகப் பிரித்து இரண்டு சைலன்சரும் இரண்டு மினுங்கும் முனையும் ஒட்டுவார்கள். பார்க்க வடிவுதான். ஆனால் ஆறு சிலிண்டரின் புகையும் முதலில் அந்த ஒற்றைக் குழாயைத் தாண்டித்தானே வர வேண்டும்? நெருக்கடி அங்கே இருந்தால், கடைசியில் பிரித்து மாறுவது சத்தம் மட்டும்தான்.

உண்மையான மாற்றம் எஞ்சினோடு பொருந்தும் மனிபோல்டிலேயே தொடங்க வேண்டும். அங்கிருந்தே மூன்றும் மூன்றுமாகப் பிரித்து, இரண்டு குழாய்களையும் கூடியவரை ஒரே நீளத்தில் கொண்டுவந்து, நடுவில் ஒரு குறுக்குக் குழாயால் இணைப்பது நல்ல முறை. அந்தக் குறுக்குக் குழாய் இரண்டு பக்க அமுக்கத்தையும் சமப்படுத்தும். காருக்குள் கேட்கும் இரைச்சலும் குறையும்.

குழாயின் பருமனிலும் பலர் ஏமாறுகிறார்கள். புகை போகும் வழியின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். இரண்டரை அங்குலக் குழாய் ஒன்றும் ஒன்றேமுக்கால் அங்குலக் குழாய் இரண்டும் ஏறக்குறைய ஒரே பரப்புத்தான். இரண்டரை அங்குலக் குழாய் இரண்டைப் போட்டால் வழி இரட்டிப்பாகிவிடும். 2 லீற்றர் எஞ்சினின் புகை அதற்குள் வேகம் இழந்து, சூடு ஆறி, மந்தமாக ஊரும். நாலந்தை, நாவுல பக்க ஏற்றங்களில் குறைந்த சுழற்சியில் இழுவை வேண்டும்போது கார் திணறுவதற்கு அதுவும் காரணமாகலாம்.

எல்லாம் சரியாகச் செய்தாலும், வேறு எதையும் மாற்றாத சாதாரண எஞ்சினில் கிடைக்கும் கூடுதல் சக்தி சிறிது. அதுவும் உயர் சுழற்சியில்தான் தெரியும்.

தொலைந்துபோகும் பெட்டி

இந்த வேலையில் நடக்கும் பெரிய நட்டம், "இது புகையை மறிக்கிறது, கழற்றிவிடுவோம்" என்று கட்டலிக் கொன்வேட்டரை அகற்றுவது. அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. கழற்றிய பெட்டிக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. உங்கள் பெட்டி யார் கைக்குப் போகிறது என்று கேட்காமல் கராஜை விட்டு வராதீர்கள்.

காபன் மொனொக்சைட்டு, எரியாத ஐதரோகாபன், நைதரசன் ஒட்சைட்டு ஆகியவற்றை ஆபத்துக் குறைந்த வாயுக்களாக மாற்றுவது அந்தப் பெட்டி. 2008 முதல் நடைமுறைக்கு வந்த வாகனப் புகைப் பரிசோதனையில் பெற்றோல் கார்களுக்குப் பார்ப்பது காபன் மொனொக்சைட்டும் ஐதரோகாபனும்தான். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. குழாயைப் பிரித்தால் இரண்டு பக்கத்துக்கும் கொன்வேட்டர் வேண்டும். ஒட்சிசன் சென்சருக்கும் சரியான இடம் வேண்டும். சென்சருக்கு முன்னால் ஒட்டில் சிறு ஓட்டை இருந்தால்கூட வெளிக்காற்று உள்ளே போகும். எஞ்சினின் கணினி பெற்றோல் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றும். பவர் தேடிப் போனவருக்குப் பெற்றோல் செலவுதான் கூடும்.

சத்தத்துக்கும் விலை உண்டு. 2025 ஜனவரியில் "கிளீன் ஸ்ரீலங்கா" வேலைத்திட்டத்தோடு வாகனங்களின் மேலதிகப் பொருத்துகைகள்மீது பொலிஸார் கவனம் செலுத்தத் தொடங்கினர். உறுமும் சைலன்சர்களும் அதற்குள் அகப்பட்டன. சட்டத்தை விடுங்கள், இரவு செபத்துக்கு வந்தவர்களும் தூங்கும் குழந்தைகளும் இருக்கும் ஒரு கிராமத்தில் அந்த உறுமல் யாருக்கு வேண்டும்?

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். காபன் மொனொக்சைட்டுக்கு மணமோ நிறமோ இல்லை. புதிதாக ஒட்டிய குழாயில் ஒட்டுகளும் இணைப்புகளும் கூடுகின்றன. காரின் அடித்தட்டில் துரு விழுந்த துளை இருந்தால், கசியும் புகை நேரே உள்ளே வரும். குழாய் முனை பம்பருக்கு உள்ளேயே முடிந்தாலும் புகை காருக்கடியில் தேங்கும். தூரப் பயணம் வந்த களைப்பில் கண்ணாடியை மூடி, ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுக் குடும்பத்தோடு தூங்குவது யாத்திரைக் காலங்களில் நாம் காணும் காட்சி. தலையிடி, மயக்கம், வாந்தி என்று தொடங்கும் நச்சு, தூங்குபவரை எழுப்பாமலே உயிரை எடுத்துவிடும். எந்தக் காரிலும் இப்படித் தூங்கக் கூடாது. புகைக்குழாய் மாற்றிய காரில் கட்டாயம் கூடாது.

ஆகவே மைத்துனருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பாஸிடம் விலை கேட்பதற்கு முன் நான்கு விடயங்களைக் கேளுங்கள். குழாய் மனிபோல்டிலா பிரிகிறது, பின்னாலா? கொன்வேட்டர் இருக்குமா? சென்சர் எங்கே வரும்? வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஒட்டிலும் கசிவு பார்த்துத் தருவீர்களா? நான்குக்கும் தெளிவான பதில் வராவிட்டால், இருக்கும் ஒற்றைக் குழாயின் துருவையும் கசிவையும் சரிசெய்து, ஏர் ஃபில்டரையும் பிளக்குகளையும் மாற்றுங்கள். மைத்துனர் அதைத்தான் செய்தார். கார் முன்பைவிட நன்றாக இழுக்கிறது என்கிறார்.