‘விற்றுவிடுங்கள்’ என்று எழுத ஏன் தயங்குகிறார்கள்?

எம்பிலிப்பிட்டியவில் பங்கு வாங்கி விற்பவர் அதிகமில்லை. ஆனாலும் கொழும்புப் பங்குச் சந்தையில் இடம்பெறும் கஹவத்த, பலாங்கொடை பெருந்தோட்டக் கம்பனிகளின் தோட்டங்கள் பல, எம்பிலிப்பிட்டிய இருக்கும் இதே இரத்தினபுரி மாவட்டத்தில் இருக்கின்றன. அங்கே உழைப்பவரின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, நிர்வாகம் போடும் 12 எனச் சேரும் ஊழியர் சேமலாப நிதியத்தில் ஒரு பகுதி பங்குகளுக்குப் போகிறது. 2010ஐ அடுத்த ஆண்டுகளில் நிதியம் வாங்கிய சில பங்குகள் சரிந்தபோது பாராளுமன்றம் வரை கேள்வி எழுந்தது. பங்குகளை எடைபோட்டு எழுதுகிறவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது லயத்தில் இருப்பவரும் கேட்கவேண்டிய கேள்வி.

தரகு நிறுவனத்திலோ முதலீட்டு வங்கியிலோ இருக்கும் பங்குப் பகுப்பாய்வாளர் கணக்கறிக்கைகளைப் படித்து, வாங்கலாமா, விற்கலாமா என்று எழுதுகிறார். வாடிக்கையாளருக்கு அந்த அறிக்கை பெரும்பாலும் இலவசம். அவருடைய சம்பளம், பங்கு கைமாறும்போது வரும் தரகுப் பணத்திலிருந்தும், கம்பனிகள் வங்கிக்குத் தரும் கட்டணத்திலிருந்தும் வருகிறது. பாதகமாக எழுதினால் கம்பனி முகம் சுளிக்கும்; வங்கிக்கு வியாபாரம் போகும்.

1990இல் அமெரிக்கப் பகுப்பாய்வாளர் மார்வின் ரொஃப்மன், டொனால்ட் டிரம்ப்பின் தாஜ்மஹால் சூதாட்ட விடுதி தாக்குப்பிடிக்காது என்றார். டிரம்ப் வழக்குப் போடுவேன் என்று மிரட்ட, ரொஃப்மன் இருந்த தரகு நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. மறு ஆண்டே விடுதி வங்குரோத்து மனு போட்டது. நடுவர் மன்றம் ரொஃப்மனுக்கு 7,50,000 டொலர் இழப்பீடு வழங்கியது.

இன்னொரு அமெரிக்கப் பகுப்பாய்வாளரான ஜாக் கிரப்மனோ வேர்ல்ட்கொம் தொலைத்தொடர்புக் கம்பனியை அதன் வீழ்ச்சிக்குச் சில மாதங்கள் முன்புவரை புகழ்ந்தவர். அது 2002 ஜூலையில் வங்குரோத்தானது. ஆகஸ்டில் அவர் 3 கோடி டொலருக்கு மேல் பெற்றுக்கொண்டு தான் வேலை செய்த வங்கியை விட்டுப் போனார். 2003இல்தான் அவருக்கு 1.5 கோடி டொலர் தண்டமும், பங்குத் தொழிலில் ஈடுபட வாழ்நாள் தடையும் வந்தன. எல்லோரும் சொன்னதையே சொல்லித் தவறியவருக்கு அந்தத் தொழிலில் ஆபத்து குறைவு. தனித்து நின்று சரியாகச் சொன்னவருக்கே வேலை போகிறது. இது எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது.

இலங்கையில் பங்குச் சந்தையைக் கண்காணிப்பவர்களுக்கே நாற்காலி நிலைக்காத காலம் இருந்தது. சந்தை முறைகேடுகள் விசாரணையில் இருந்தபோது, பிணையங்கள் ஆணைக்குழுவின் தலைவர் இந்திராணி சுகததாச 2011 டிசம்பரிலும், அடுத்து வந்த திலக் கருணாரத்ன 2012 ஆகஸ்டிலும் பதவி விலகினர்.

ஒவ்வொரு நிறுவனமும் தன் அறிக்கைகளில் எத்தனை ‘வாங்கு’, எத்தனை ‘விற்றுவிடு’ என்பதையும், பழைய பரிந்துரைக்குப் பின் விலை போன வழியையும் அச்சிட வேண்டும் என அமெரிக்கா 2002இல் விதி செய்தது. கொழும்புத் தரகர்களிடமும் முதலீட்டாளர் இதையே கேட்க வேண்டும். நேர்மையாக எழுதியதற்காக நீக்கப்படுபவர் முறையிட ஓர் இடமும் வேண்டும்.