விருதுநகரில் வண்டி மாற வேண்டுமா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர் தூரம்தான். ஒன்று ஆண்டாள் கோயிலுக்கும் பால்கோவாவுக்கும் பேர்போன ஊர்; மற்றது நூல் ஆலைகளுக்கும் வேட்டை நாய்க்கும். இரண்டு ஊர்களும் 1927-ம் ஆண்டிலிருந்து ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. விருதுநகரில் பிரதான பாதையை விட்டுப் பிரிந்து, சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குப் போகும் கிளைப் பாதை அது.

கிளைப் பாதையில் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் ஒரு பழைய வழக்கு உண்டு. தங்கள் வண்டி ஜங்ஷனோடு நின்றுவிடலாமா? அல்லது பிரதான பாதையிலும் ஏறி, நேரே மதுரைக்கும் சென்னைக்கும் போக வேண்டுமா?

"இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? நேர் வண்டிதான் வேண்டும்" என்பார்கள் பிரயாணிகள். வாஸ்தவம்தான். குழந்தை குட்டிகளையும் மூட்டை முடிச்சுகளையும் தூக்கிக்கொண்டு, அகாலத்தில் மேம்பாலம் ஏறி இறங்கியவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். வந்த வண்டி பத்து நிமிஷம் தாமதித்தால் போதும், போக வேண்டிய வண்டி கண்ணெதிரே புறப்பட்டுவிடும்!

மெயில் போன பாதை

மீட்டர் கேஜ் காலத்தில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. சென்னை எழும்பூரில் புறப்பட்ட கொல்லம் மெயில் இவ்வழியே செங்கோட்டைக்குப் போய், 1904-ல் திறக்கப்பட்ட மலைப் பாதையில் ஏறி, மலையாள நாட்டில் இறங்கிற்று. பாதை நெடுகிலும் தண்டவாளங்களுக்கு இடையே ஒரே அகலம், ஒரு மீட்டர்.

வினை பிறகுதான் வந்தது. பிரதான பாதை 1.676 மீட்டர் அகலப் பாதையாக மாறியது. கிளை பழையபடியே கிடந்தது. அகலப் பாதை வண்டி குறுகிய தண்டவாளத்தில் எப்படி ஓடும்? வண்டி மாறுவது கட்டாயமாயிற்று. 2004-ல் கிளையும் அகலப் பாதையான பிறகுதான் பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையத்துக்காரர்களை ஏறிய பெட்டியிலேயே சென்னையில் இறக்கிவிடத் தொடங்கியது. செங்கோட்டைக்கு அப்பாலோ நிலைமை வேறு. புனலூர் வரையிலான மலைப் பாதை 2010-ல் மூடப்பட்டு, 2018-ல்தான் அகலப் பாதையாகத் திறந்தது.

2023 ஆகஸ்டில் இன்னொரு காரியம் நடந்தது. மதுரை–செங்கோட்டை, செங்கோட்டை–கொல்லம், புனலூர்–குருவாயூர் என்று துண்டு துண்டாக ஓடிய வண்டிகளைச் சேர்த்து, மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸ் என ஒரே வண்டி ஆக்கினார்கள். ஆண்டாள் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு, நடுவில் இறங்காமலே குருவாயூரப்பனைத் தரிசிக்கப் போகலாம். ஐயப்ப பக்தர்கள் செங்கன்னூரில் இறங்கிக்கொள்ளலாம்.

எதிர்க்கட்சியின் வாதம்

எதிர்த் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. செங்கோட்டையில் புறப்படும் வண்டிக்குச் செங்கோட்டைக் கவலை மட்டும்தான். குருவாயூரில் கிளம்பும் வண்டியோ எர்ணாகுளத்து நெரிசலையும் மலைச்சரிவின் நிதானத்தையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. எங்கோ ஏற்பட்ட தாமதம் ராஜபாளையம் பிளாட்பாரத்தில் காத்திருப்பவர் தலையில் விடிகிறது. காலியாக வரவேண்டிய பெட்டி நிரம்பியே வரலாம்.

இந்தச் சண்டை பெரிய பட்டணங்களின் பாதாள ரயிலிலும் உண்டு. லண்டனில் நார்தர்ன் லைன் என்ற பாதைக்கு வடக்கே இரண்டு கிளைகள். நகரின் நடுவிலும் இரண்டு வழிகள். எந்தக் கிளையிலிருந்தும் எந்த வழிக்கும் நேர் வண்டி உண்டு. ஆனால் வண்டிகள் கேம்டன் டவுன் சந்திப்பில் ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டியிருப்பதால், அதிக வண்டிகள் விட முடியவில்லை. தனித்தனிப் பாதைகளாகப் பிரித்துவிடலாம் என்றார்கள் நிபுணர்கள். அப்படிப் பிரித்தால் வண்டி மாறும் கூட்டத்தைக் கேம்டன் டவுன் ஸ்டேஷன் தாங்காது! யோசனை இன்னும் யோசனையாகவே இருக்கிறது. டோக்கியோவிலோ 1960-லேயே பாதாள ரயிலையும் புறநகர் ரயிலையும் இணைத்து, ஒரே வண்டியை இரண்டிலும் ஓடவிட்டார்கள்.

நம் சென்னை மெட்ரோவில் இரண்டு பாதைகள் ஆலந்தூரில் சந்திக்கின்றன. பிரயாணிகள் படியேறி மாறிக்கொள்கிறார்கள். சில நிமிஷத்தில் அடுத்த வண்டி வந்துவிடுவதால் யாரும் பெரிதாகக் குறைப்பட்டுக்கொள்வதில்லை.

வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் நிற்கும் வண்டிகள் நிமிஷக் கணக்கில் வருபவை அல்ல. விருதுநகரில் ஒன்றைத் தவறவிட்டவர் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அல்லது பஸ் ஏறிப் போக வேண்டும். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிக்கு அரை நாள் போய்விடும். பட்டணத்துக் கணக்கை இங்கே போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

நேர் வண்டியைத் துண்டாக்குவதைவிட, அது தாமதிக்கும் காரணத்தைக் கவனிப்பதே மேல். மதுரையிலிருந்து திருநெல்வேலி வரை இரட்டைப் பாதை வந்துவிட்டது. விருதுநகரில் பிரிந்து தென்காசி செல்லும் பாதையோ இன்னும் ஒற்றைப் பாதை. எதிர்வண்டி ஸ்டேஷனுக்குள் வந்து சேரும்வரை இந்த வண்டி நகர முடியாது. பொதிகைக்காகக் குருவாயூர் வண்டி நிற்பதா, குருவாயூர் வண்டிக்காகப் பொதிகை நிற்பதா என்பதெல்லாம் இரண்டாவது தண்டவாளம் வரும்வரைதான். அது வரும் வரையில் ராஜபாளையத்து ஸ்டேஷன் மாஸ்டர் யாருக்கு முதலில் கைகாட்டி இறக்குவது என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும்.