சிறு திரையில் ஒரு பேரரசு



கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது பழமொழி. மடிக்கணினியின் சிறிய திரையில் பெரிய வியூக விளையாட்டை ஆடுவோர்க்கும் இது பொருந்தும். அஃது எவ்வாறு என்பதை ஈண்டு விளக்க விழைகின்றோம்.

சென்ற ஆண்டில் ஒரு நாள், செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஐயா, பையனுக்குப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மூக்கு திரையில் முட்டும்படி குனிந்து விளையாடுகிறான். கண் கெட்டுவிடும், விற்றுவிடட்டுமா?" என்று கேட்டார். "பொறுங்கள், முதலில் பார்ப்போம்" என்றோம்.

அவன் ஆடியது 'ஃபிரீசிவ்' என்னும் விளையாட்டு. 1991-இல் வெளிவந்த சிட் மெயரின் 'சிவிலைசேஷன்' விளையாட்டைப் பின்பற்றி, டென்மார்க்கிலுள்ள ஆர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர் மூவர் 1995-இல் இதனை உருவாக்கத் தொடங்கினர். இது விலையின்றிக் கிடைப்பது. நகர் அமைத்தல், பாசனம் செய்தல், சாலை போடுதல், புதியன கண்டறிதல், அண்டை நாட்டோடு உறவாடுதல் ஆகிய யாவும் இதில் உண்டு. சதுரங்கம் போலச் சுற்றுச் சுற்றாக ஆடப்படுவதால், விரைவினும் சிந்தனையே இதற்கு வேண்டும்.

இனி, திரையைப் பற்றிக் காண்போம். திரையின் அளவைக் கோணல் மூலைக்கு மூலை அளந்து கூறுவர். ஒரே வடிவுடைய இரு திரைகளில் இவ்வளவு இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். சிறிய மடிக்கணினிகள் பலவற்றில் 1366 × 768 புள்ளிகள் உள்ளன, அதாவது 1,049,088. எழுத்தைப் பெரிதாக்கினால் நிலப்படம் சுருங்கும். நிலப்படத்தை விரித்தால் எழுத்துச் சிறுத்துக் கண் வருந்தும். இதுவே இடர்ப்பாடு.

எனினும், 1991-ஆம் ஆண்டு விளையாட்டுக்குக் கிடைத்த திரையில் 320 × 200, அதாவது 64,000 புள்ளிகளே இருந்தன. அதன் உலகம் 80 × 50 கட்டங்கள், ஆக 4,000 கட்டங்கள் கொண்டது. ஒரு நேரத்தில் திரையில் தெரிந்தவை 15 × 12, ஆக 180 கட்டங்கள் மட்டுமே. இருபதில் ஒரு பங்கினும் குறைவாகக் கண்டே உலகை ஆண்டனர் ஆட்டக்காரர்! மூலையிலுள்ள சிறு படத்தைப் பார்த்து, எஞ்சியதை நினைவில் நிறுத்தினர்.

ஆகவே, மாணவர்களே, மூன்று முறைகளைக் கைக்கொள்ளுங்கள்.

ஒன்று: எழுத்தைத் தயங்காது பெரிதாக்குங்கள், வேண்டாத சாளரங்களை மூடி, ஒரு நேரத்தில் ஒன்றையே பாருங்கள்.

இரண்டு: பொத்தான்களைத் தேடாமல் விசைகளைப் பழகுங்கள். 'பி' நகர் அமைக்கும். 'ஜி' தொலைவிடத்திற்குச் செல்லப் பணிக்கும்.

மூன்று: ஒவ்வொரு நகரும் என்ன செய்கின்றது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். திரையில் இடமில்லாதது தாளில் இடம் பெறும்.

கண்ணையும் காக்க வேண்டும். திரையை உற்று நோக்குங்கால் நாம் இமைப்பது குறைகின்றது. அண்மையிலேயே நோக்குவதால் கண்ணின் தசை களைக்கின்றது. ஆதலின் 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள பொருளை 20 விநாடி பாருங்கள். மாலையில் திடலுக்குச் சென்று ஓடியாடுங்கள்.

அம்மாணவன் என்ன ஆனான்? எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தோம். அப்பொழுதும் அவன் குனிந்தே பார்த்தான். நமக்கு ஐயம் தோன்றியது. கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு தந்தையாரை வேண்டினோம். கிட்டப்பார்வை எனத் தெரிந்தது. கரும்பலகையில் இருப்பதை அடுத்தவன் ஏட்டைப் பார்த்து அவன் எழுதியதற்காக நாம் கடிந்துகொண்டதுண்டு. அவனுக்குப் பலகையே தெரியவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம், வருந்தினோம்.

இன்று அவன் கண்ணாடி அணிந்து நேராக அமர்ந்து படிக்கின்றான். கணினியும் விற்கப்படவில்லை; சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஆடத் தந்தையார் இசைந்துள்ளார்.

பெற்றோர்களே, பிள்ளை குனிந்து பார்த்தால் கருவியைப் பறிக்கும் முன் கண்ணைச் சோதியுங்கள். ஆசிரியராகிய நாமும் இனி அவ்வாறே செய்வோம்.