ஐயத்துக்கு ஆளாவோர் யார்?

குற்றக் கதைகளைக் கருவாகக் கொண்ட திரைப்படங்களுக்கு நம் இல்லங்களில் என்றும் வரவேற்புண்டு. கொலையாளி எவன் என்று அறியும் ஆவலில் பொழுது போவதே தெரிவதில்லை. ஆயினும், எத்தகையவன் மீது ஐயங்கொள்ள வேண்டும் என்பதையும் அப்படங்கள் நமக்குக் கற்பித்து விடுகின்றன. பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கு இஃது அற்ப விஷயமன்று. இரு தமிழ்ப் படங்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, வெற்றிமாறன் இயக்கத்தில் 2016-ஆம் ஆண்டு திரைக்கு வந்த 'விசாரணை'. கோவையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், 1983-இல் குண்டூர்க் காவல் நிலையத்தில் தாம் பட்ட துன்பத்தைக் கொண்டு எழுதிய 'லாக்கப்' என்னும் நூலே அதற்கு அடிப்படை. ஆந்திராவில் கூலி வேலை செய்யும் தமிழ் இளைஞர்கள், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளுமாறு வதைக்கப்படுகின்றனர். அவர்களுக்குத் தெலுங்கு தெரியாது; உறங்கப் பூங்காவையன்றி வேறிடமில்லை; ஏனென்று கேட்பாருமில்லை. தமிழ்நாட்டுக் காவல் அதிகாரி ஒருவர் அவர்களது சொற்களை நீதிபதிக்கு மொழிபெயர்த்துரைத்த பின்னரே விடுதலை கிட்டுகிறது.

தெலுங்கர் கொடியர், தமிழர் நல்லர் என்று கதையை அத்துடன் முடித்திருக்கலாம். இயக்குநர் அவ்வாறு செய்யவில்லை. சொந்த மண்ணுக்குத் திரும்பிய அவ்விளைஞர்களைத் தமிழ்நாட்டுக் காவல் துறையினரே மாய்க்கின்றனர். ஆதரவற்றவனுக்கு எம்மொழியும் அரணாகாது என்பதே படம் உணர்த்தும் உண்மை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது பொருத்தமே.

இரண்டாவது, எச். வினோத் இயக்கத்தில் கார்த்தி நடித்து 2017-இல் வெளியான 'தீரன் அதிகாரம் ஒன்று'. நெடுஞ்சாலையோர வீடுகளில் கொலையும் கொள்ளையும் புரிந்த வடநாட்டுக் கூட்டத்தைத் தமிழ்நாட்டுக் காவல் துறை 2005-ஆம் ஆண்டளவில் தேடிப் பிடித்த உண்மை நிகழ்ச்சியைத் தழுவியது. காவலர்களின் இன்னல்களைச் சிறப்புறக் காட்டிய படம் அது. ஆனால் சில கொடியவரின் குற்றம், படம் முடிகையில் ஓர் இனத்தின் இயல்பாகவே மனத்தில் பதிந்து விடுகிறது. பிறப்பைக் கொண்டே மனிதரைக் குற்றவாளிகளாக்கிய 1871-ஆம் ஆண்டுச் சட்டம் 1952-இல் நீக்கப்பட்டது. அதே சட்டத்தால் தமிழகத்துப் பிரமலைக் கள்ளரும் கைரேகை பதித்துத் துன்புற்றதை நாம் மறத்தலாகாது.

வெள்ளறடை போன்ற எல்லையூர்களில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பனச்சமூட்டில் சில அடி நடந்தால் மாநிலம் மாறுகிறது; இரு மொழிப் படங்களையும் பார்ப்பவர் இங்கே ஏராளம். மலையாளப் படத்தில் தமிழன் 'பாண்டி' என்று எள்ளப்படுகையில் நம் மனம் நோகிறது. தமிழ்ப் படத்தில் வடநாட்டான் கொள்ளைக்காரனாக வருகையில் மட்டும் நாம் கைகொட்டலாமா?

இன்று வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் கேரளத்துக்கு வேலை தேடி வருவோர் பலர். ஊரில் ஒரு பொருள் களவு போனால், முதலில் அவர்கள் மீதே கண் பாய்கிறது. நேற்று நம் பெற்றோர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர். ஆகவே, படம் பார்த்துத் திரும்பும் நம் பிள்ளைகளிடம், கொலையாளி யார் என்பதோடு, ஐயத்துக்கு ஆளானவர் யார், ஏன் என்பதையும் கேட்போமாக.