உங்களுக்குத் தெரியுமா? கரிசல் மண்ணும் கரன்ட் ஒயரும்!

சூலக்கரைப் பக்கம் கரிசல் காடு கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? அப்படி வெடிக்க வைக்கும் களிமண்ணுக்கு மாண்ட்மோரில்லோனைட் என்று பெயர். அதே வகைக் களிமண்தான் பக்குவப்படுத்தப்பட்டு, கேபிளின் பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து தீயை மறிக்கிறது!

அந்தக் களிமண் முழுக்க ஏடு ஏடாக இருக்கும். ஓர் ஏட்டின் கனம் 1 நானோமீட்டர். 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு அடுக்க எத்தனை ஏடு வேண்டும்? 10 லட்சம்!

1 கிராம் களிமண்ணை ஏடு பிரித்துப் பரப்பினால் 700 சதுர மீட்டரைத் தாண்டும். நம்ம ஊர்க் கணக்கில் 17 சென்ட். ஒரு சிட்டிகையில் மூன்று வீட்டு மனை!

ஒயரில் தீப்பிடித்தால் இந்த ஏடுகள் மேலே திரண்டு கருகிய ஓடாக மூடிக்கொள்ளும். காற்று உள்ளே போகவும் எரியும் வாயு வெளியே வரவும் திணறும்!

இனி சிவகாசிக்கு வாருங்கள். மத்தாப்பில் வெள்ளி வெள்ளியாகப் பொரிகிறதே, அது அலுமினியத் தூள். அதே அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறினால் தீயை அணைக்கும்! தொட்டால் காய்ந்த மாவு மாதிரிதான் இருக்கும். ஆனால் 1 கிலோவுக்குள் சுமார் 346 கிராம் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. சூடு 200 டிகிரியைத் தாண்டியதும் அத்தனையும் நீராவி!

கண்ணைக் கூசவைக்கும் மெக்னீசியமும் இப்படித்தான். ஹைட்ராக்சைடாகிவிட்டால் அதன் எடையில் 31 சதவீதம் தண்ணீர். அது 300 டிகிரி வரை அசைந்து கொடுக்காது!

இந்த ஹைட்ராக்சைடுத் தூளைக் கேபிள் உறையில் எவ்வளவு கலக்க வேண்டும் தெரியுமா? 100 கிலோ உறையில் 60 கிலோவுக்கு மேல்! பிளாஸ்டிக்கை விடத் தூள்தான் அதிகம். உறை விறைத்துப்போகும், வளைக்க வராது.

இங்கேதான் நானோ களிமண்ணின் வித்தை! பெல்ஜியத்தின் கபெல்வெர்க் யூப்பன் கேபிள் ஆலை, 65 சதவீத அலுமினிய ஹைட்ராக்சைடுத் தூளில் வெறும் 5 சதவீதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் களிமண்ணைச் சேர்த்தது. எரியும்போது வெளிப்படும் வெப்பத்தின் உச்சம் பாதியாகச் சரிந்தது.

நானோ தூள் தீயை மறிக்க மட்டுமல்ல! ஜப்பானில் ஹொக்கைடோ, ஹோன்ஷு தீவுகளை இணைக்கும் கடலடி டி.சி. கேபிளின் காப்பிலும் நானோ தாதுத் தூள் உண்டு. 2012 முதல் ஓடுகிறது. அது தாங்குவது 2,50,000 வோல்ட்!

அவ்வளவு தூரம் எதற்கு? தெருக் கம்பத்தில் தொங்கும் கறுப்புக் கேபிளை அண்ணாந்து பாருங்கள். சித்திரை வெயில் அதன் பாலித்தீன் உறையை நொறுக்காமல் காப்பது அதில் கலந்திருக்கும் கார்பன் கரி. ஒரு துகள் சுமார் 20 நானோமீட்டர். அளவு? வெறும் 2.5 சதவீதம்!