தெரிந்த கேள்விக்கும் பதில் சொல்வோம்

மும்பையின் கிழக்கு ஓரத்தில் டிராம்பே இருக்கிறது. அங்கே சீத்தா கேம்ப் என்ற பெரிய குடியிருப்பு உண்டு. 1976ஆம் ஆண்டில் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. அங்கே வாழ்ந்த மக்கள் இங்கே குடியேற்றப்பட்டார்கள். அவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். இன்று இங்கே ஒரே சந்தில் தமிழ், இந்தி, உருது, மராத்தி, மலையாளம் எல்லாம் கேட்கும்.

இப்படி ஒரு சந்தில் ஒரு பெண் நைட்டி தைத்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பு அக்கம்பக்கத்துக்காரர்கள் மட்டும் வாங்கினார்கள். இப்போது அவர் கையில் போன் இருக்கிறது. நைட்டியைப் படம் எடுக்கிறார். வாட்ஸ்அப்பில் போடுகிறார். படத்தின் கீழே இப்படி எழுதுகிறார்:

“காட்டன் நைட்டி. நீளம் 54 இஞ்ச். விலை 300 ரூபாய்.”

கொஞ்ச நேரத்தில் போன் ஒலிக்கிறது. “விலை என்ன?” என்று ஒருவர் கேட்கிறார். “இது காட்டன் துணியா?” என்று இன்னொருவர் கேட்கிறார். “நீளம் எவ்வளவு அக்கா?” என்று மூன்றாமவர் கேட்கிறார்.

எல்லாம்தான் கீழே எழுதியிருக்கிறதே! விற்பவருக்கு எரிச்சல் வருகிறது. “எழுதியிருப்பது தெரியவில்லையா? படிக்கத் தெரியாதா?” என்று பதில் போடத் தோன்றுகிறது.

அப்படிப் பதில் போடலாமா? கூடாது. ஏன் கூடாது? பார்ப்போம்.

ஏன் கேட்கிறார்கள்?

கடைக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? துணியைத் தொட்டுப் பார்க்கிறோம். கசக்கிப் பார்க்கிறோம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். உடம்பில் வைத்து அளவு பார்க்கிறோம். போனில் இதெல்லாம் முடியாது. கை செய்ய வேண்டிய வேலையை அங்கே கேள்வி செய்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. வாங்குபவர் முன்பின் தெரியாத ஒருவருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அவருக்குப் பயம் இருக்காதா? “விலை என்ன?” என்று கேட்கும்போது அவர் விலையை மட்டும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா, மரியாதையாகப் பேசுகிறாரா, நம்பலாமா என்றும் பார்க்கிறார்.

படம் பலர் கை மாறி வந்திருக்கலாம். அப்போது படம் மட்டும் வந்திருக்கலாம். கீழே எழுதியது விட்டுப் போயிருக்கலாம்.

கடைசிக் காரணம்தான் முக்கியமானது. கேட்பவருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். மும்பையில் பிறந்து வளர்ந்த பல தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளிக்கூடமே போகாத பெரியவர்களும் போன் வைத்திருக்கிறார்கள். அவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள். பேரப்பிள்ளையிடம் சொல்லிக் கேள்வியை அனுப்புகிறார்கள்.

இந்த வேதனையை நாம் அறிவோம். எழுத்துக் கற்பதற்கு முன்னால் நம்மில் பலர் பஸ் நிறுத்தத்தில் நின்று, “இந்த பஸ் எங்கே போகுது?” என்று கேட்டிருக்கிறோம். “போர்டைப் பார்” என்று யாராவது சொன்னால் எப்படிக் குத்தும்? அடுத்த முறை வாய் திறந்து கேட்கவே கூச்சமாக இருக்கும். அதே குத்தலை நாம் பிறருக்குக் கொடுக்கலாமா? அப்படிக் கொடுத்தால் அவர் மறுபடி கேட்க மாட்டார். நம்மிடம் வாங்கவும் மாட்டார்.

எப்படிப் பதில் சொல்வது?

முதலில் வணக்கம் சொல்லுங்கள். அடுத்து, கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். பிறகு, அவர் அடுத்து என்ன கேட்பார் என்று யோசித்து அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: விலை என்ன?
வேண்டாத பதில்: கீழே பார்.
நல்ல பதில்: வணக்கம் அக்கா. ஒரு நைட்டி 300 ரூபாய். அனுப்பும் செலவு தனி. நீங்கள் எந்த ஏரியா? சொன்னால் அந்தச் செலவையும் சொல்கிறேன்.

கேள்வி: சாயம் போகுமா?
வேண்டாத பதில்: நல்ல சரக்குதான். வேண்டுமானால் வாங்குங்கள்.
நல்ல பதில்: முதல் இரண்டு சலவையில் கொஞ்சம் போகும் அம்மா. மற்றத் துணியோடு சேர்க்காமல் தனியாக நனையுங்கள்.

கேள்வி: கடைசி விலை என்ன?
வேண்டாத பதில்: ஒரே விலைதான். பேரம் பேசாதீர்கள்.
நல்ல பதில்: ஒன்று 300 ரூபாய்தான் கட்டும் அண்ணா. மூன்று எடுத்தால் 850 ரூபாய்க்குத் தருகிறேன்.

கேள்வி: டிராம்பே மும்பையிலா இருக்கிறது?
நல்ல பதில்: ஆமாம் ஜி. ஹார்பர் லைனில் மான்குர்டு ஸ்டேஷனில் இறங்கி வரலாம். பின்கோடு 400088.

இந்தப் பதில்களில் பொய் இல்லை. சாயம் போகும் என்றால் போகும் என்றே சொல்கிறோம். மறைத்து விற்றால் ஒரு நைட்டி விற்கும். உண்மை சொல்லி விற்றால் அதே ஆள் மறுபடியும் வருவார்.

ஒன்றை நினைவில் வையுங்கள். எழுத்தில் முகம் தெரியாது. நாம் சிரித்துக்கொண்டே “ம்” என்று எழுதினாலும், படிப்பவருக்கு அது கோபமாகத் தெரியும். ஒற்றைச் சொல்லில் பதில் வேண்டாம்.

போனே உதவி செய்யும்

ஒரே பதிலை நாள் முழுவதும் எழுதினால் கை வலிக்கும். சமையல் வேலை, தையல் வேலையும் இருக்கிறது. இதற்கு வழி உண்டு. வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி 2018ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியாவில் வந்தது. இதற்குப் பணம் கட்ட வேண்டாம். அடிக்கடி சொல்லும் பதிலை ஒரு முறை எழுதி அதில் சேமித்து வைக்கலாம். பிறகு சாய்ந்த கோடு ( / ) போட்டால் போதும். சேமித்த பதில்கள் வரும். வேண்டியதைத் தொட்டு அனுப்பலாம்.

கேட்பவருக்குப் படிக்க வராது என்று தோன்றுகிறதா? குரலில் பதில் அனுப்புங்கள். மைக் படத்தை அழுத்திக்கொண்டு பேசினால் போதும்.

பல பேர் ஒரே கேள்வியைக் கேட்டால் இன்னொன்றையும் யோசியுங்கள். நாம் எழுதியது புரியும்படி இருக்கிறதா? “54 இஞ்ச்” என்றால் பலருக்குப் புரியாது. “உயரமானவர்களுக்கும் கணுக்கால் மறையும்” என்று சேர்த்து எழுதினால் எல்லோருக்கும் புரியும். திரும்பத் திரும்ப வரும் கேள்வி, நம் எழுத்தில் உள்ள குறையைக் காட்டுகிறது.

மரியாதை வேறு, ஏமாறுவது வேறு

எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதில்லை. சிலர் விலையே கேட்க மாட்டார்கள். “பத்து நைட்டி வேண்டும். பணம் அனுப்புகிறேன். இந்தக் கட்டப் படத்தை ஸ்கேன் செய்து உங்கள் பின் நம்பரைப் போடுங்கள்” என்பார்கள். இது ஏமாற்று வேலை. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையில்லை. பின் நம்பர் போட்டால் நம் பணம்தான் வெளியே போகும்.

இவர்களுக்கும் அமைதியாகவே சொல்லலாம்: “மன்னிக்க வேண்டும் ஐயா. என் நம்பருக்கு நேராக அனுப்புங்கள். பணம் வந்ததும் பொருளை அனுப்புகிறேன்.” பணம் கட்டிவிட்டதாகப் படம் அனுப்பினால் அதை நம்ப வேண்டாம். உங்கள் கணக்கில் பணம் வந்ததா என்று பாருங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அசிங்கமாகப் பேசுகிறவருக்குப் பதிலே வேண்டாம். அந்த நம்பரை பிளாக் செய்துவிடுங்கள். அதில் தவறில்லை.

செய்து பாருங்கள்

நீங்கள் விற்கும் பொருள் எது? பொடியா, முறுக்கா, துணியா? அதைப் பற்றி மக்கள் அடிக்கடி கேட்கும் ஐந்து கேள்விகளை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல பதில் எழுதுங்கள். பிறகு உரக்கப் படியுங்கள். உங்கள் அம்மாவுக்கு ஒருவர் இந்தப் பதிலைச் சொன்னால் அம்மாவின் மனம் குளிருமா? குளிரும் என்றால், அந்தப் பதிலைப் போனில் சேமித்து வையுங்கள்.